ஏறுவது வீடா, மண்ணா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாடகையும் வீட்டு விலையும் உயர்வதன் காரணங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறக்குறைய 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும், முன்னது ஆலைகளின் ஊரென்றும் பின்னது ஆண்டாளின் ஊரென்றும் பிரித்துப் பேசுவதே நம்மவர் வழக்கமாயினும், சமீப வருஷங்களில் இவ்விரண்டு ஊர்களின் ஜனங்களும் ஒரே கவலையை ஒரே சொற்களில் சொல்லிக்கொள்வதைப் பஞ்சு மார்க்கெட் பேருந்து நிறுத்தத்திலும் கேட்கலாம்; ரத வீதிப் பால்கோவாக் கடை வாசலிலும் கேட்கலாம். வாடகை கட்டுபடியாகவில்லை, ஓர் இடம் வாங்கிப் போடலாமென்றால் செண்டு விலையைக் கேட்கவே அச்சமாயிருக்கிறது என்பதே அந்தக் கவலை. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை என்ற சம்பிரதாயத்தால், ஆவணி பிறந்ததும் தை பிறந்ததும் வீடு தேடுவோரின் நடமாட்டம் இரு ஊர்த் தெருக்களிலும் பெருகுகிறது. அவர்கள் செவியில் விழும் தொகை ஒவ்வொரு பருவத்திலும் முந்தின பருவத்தைவிட உயர்ந்தே நிற்கிறது.

இதற்குக் காரணம் யாதென்று வினவினால், குடியிருப்போர் வீட்டுக்காரரின் பேராசையைக் காட்டுகிறார்கள். வீட்டுக்காரர் சிமெண்டையும் கம்பியையும் கொத்தனார் கூலியையும் காட்டுகிறார். வீடு கட்ட முனைந்தவர் வங்கி வட்டியையும் பத்திரச் செலவையும் காட்டுகிறார். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. ஆயினும் இக்காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்க்குமிடத்து, இவை அனைத்துக்கும் அடியில் வேறொரு காரணம் கிடப்பதும், அது சுவரிலோ கூரையிலோ இல்லாமல் அவை நிற்கும் மண்ணின் விலையில் இருப்பதும் தெளிவாகும். அந்த விலையை ஏற்றியது ஊராரின் கூட்டு முயற்சி. அதன் பயனை அடைவதோ ஊரார் அல்லர். இக்கட்டுரை சொல்ல வந்தது இதுவே.

மலைக்கும் வயலுக்கும் நடுவே

ஓர் ஊர் வளரும்போது நான்கு திசையிலும் பரவுவது இயல்பு. இவ்விரண்டு ஊர்களுக்கும் அந்தச் சௌகரியம் இல்லை. மேற்கே மலை, அம்மலைக் காடுகளில் 1988 ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயம் ஏற்பட்டது, 2021 ஆம் ஆண்டு அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. கிழக்கே கண்மாய்களும் அவற்றின் பாசனத்தில் விளையும் நஞ்சையும். நடுவில் மிஞ்சிய நிலம், திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு நீண்ட பட்டையேயாகும். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நின்ற அந்தப் பட்டையில்தான் முடங்கியாறு சாலையும், சத்திரப்பட்டி சாலையும், தென்காசி சாலையும், மறுபுறம் மடவார்வளாகமும், கிருஷ்ணன்கோவிலை நோக்கிய வழியும் வீடுகளால் நிரம்பி வருகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கோயிலைச் சுற்றிப் பிறந்த ஊர்களில் எல்லாம் நிலத்தின் ஒரு பகுதி கோயிலுக்கு உரியதாகவே இருக்கும். 1959 ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், அத்தகைய நிலத்தை உரிய அனுமதியின்றி விற்பதையும் நீண்ட குத்தகைக்கு விடுவதையும் தடுக்கிறது. தெய்வத்தின் ஆஸ்தியைக் காப்பதற்கு அத்தடை அவசியமே. ஆனால் அந்நிலம் சந்தைக்கு வராததால், எஞ்சியுள்ள பட்டா நிலத்தின் மேல் வாங்குவோரின் நெருக்கம் அத்தனையும் விழுகிறது.

நிலம் குறுகியது, வருவோரோ பெருகினர். 1936 இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாள் முதலாக, நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகளும், தளவாய்புரத்தின் நைட்டித் தையல் கூடங்களும், சுற்று வட்டாரத்துச் சீமையிலிருந்தெல்லாம் உழைப்பாளிகளை அழைத்த வண்ணம் இருக்கின்றன. விருதுநகர் மாவட்டத்துக்கு விருதுநகர் தலைநகராயிருந்தும், மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அமைந்திருப்பதால், வக்கீல்களும் குமாஸ்தாக்களும் நீதிமன்றச் சிப்பந்திகளும் அவ்வூரில் வாசம் செய்ய நேர்கிறது. 1984 இல் கிருஷ்ணன்கோவிலில் தொடங்கிய பொறியியற் கல்லூரி பின்னர்ப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது; 2013 இல் ராஜபாளையத்தருகே இன்னொரு பொறியியற் கல்லூரி எழுந்தது. ஆசிரியரும் மாணவரும் மாதச் சம்பளக்காரருமாகிய இவர்களுக்கெல்லாம் முதலில் தேவைப்படுவது வாடகை வீடு. சொந்த வீடு பின்னால் வரும் விஷயம்.

குடும்பம் பிரிந்தது, கூரை போதவில்லை

2011 ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி ராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேரும், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் 75,396 பேரும் இருந்தனர். ஜனத்தொகை பெருகினால் வீடு அதிகம் வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஜனத்தொகை சற்றும் பெருகாமலே வீட்டுத் தேவை பெருகக்கூடும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு ஐவர் என்று கணக்கிட்டால் 1,30,000 பேருக்கு 26,000 வீடுகள் போதும். வீட்டுக்கு நால்வர் என்று ஆகிவிட்டால் அதே ஜனங்களுக்கு 32,500 வீடுகள் வேண்டும். ஒரு குழந்தைகூடப் புதிதாய்ப் பிறவாத நிலையிலும் 6,500 வீடுகள் கூடுதலாய்த் தேவைப்படுகின்றன. தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி அளவு நால்வருக்கும் சற்றுக் குறைந்துவிட்டதை அதே குடிக்கணக்கு காட்டிற்று. ராஜபாளையத்தின் பழையபாளையத்திலும் புதுப்பாளையத்திலும் ஒரே தலைவாசலுக்குள் அண்ணனும் தம்பியும் அவரவர் பிள்ளைகளும் ஒன்றாய் உண்டு வாழ்ந்த காலம் போய், கல்யாணமான ஆறாம் மாதமே தனிக்குடித்தனம் என்பது இயல்பாகிவிட்டது. இதனைக் குறையென்று சொல்லுவதற்கில்லை. மனிதர் தம் விருப்பப்படி வாழ முற்படுவது விருத்தியின் அடையாளமே. ஆனால் அந்த விருத்திக்கு ஏற்ற கூரைகளை ஊர் தயார் செய்து வைக்கவில்லை.

இவர்களோடு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கும் இளைஞர்களும் சேர்ந்துகொண்டனர். ஒரு சிறு வீட்டில் அறுவரோ எழுவரோ தங்கி, தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதால், அவ்வீட்டுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை ஒரு குடும்பம் தரக்கூடியதைவிட மிகுந்துவிடுகிறது. அவர்கள் சுகமாய் வாழ்கிறார்கள் என்று எவரும் எண்ணவேண்டாம். கூட்டமும் காற்றின்மையும் அவர்களுக்கு, கூடுதல் வாடகை பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கு என்று இருதரப்பும் ஒரே நெருக்கடியைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். காம்பவுண்டுக்குள் வரிசையாய் நின்ற ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு மாடி வீடுகளாய் உயர்கையில், குறைந்த வாடகைக்குக் கிடைத்த இடங்கள் ஒவ்வொன்றாய் மறைகின்றன என்பதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும்.

செண்டுக் கணக்கு

மனை விலை உயர்ந்த வரலாற்றில் 2016 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 ஆம் தேதி முக்கியமானது. அன்றுதான் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாதென்று தடை விதித்தது. வயலிலும் கண்மாய்க் கரையிலும் சாலைக்கும் வடிகாலுக்கும் இடம் விடாமல் கல் ஊன்றி விற்ற வழக்கம் ஊர்களைப் பாழாக்கி வந்ததாதலின், அந்தத் தீர்ப்பு காலத்தினாற் செய்த நன்மையேயாகும். 2017 மே மாதத்தில் அரசு வகுத்த விதிகள், 2016 அக்டோபர் 20 ஆம் தேதிக்கு முன் உண்டான மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ள வழி செய்தன. அதன் பிறகு, நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியைக் குறிக்கும் 'டி.டி.சி.பி. அப்ரூவல்' என்ற வார்த்தை விளம்பரப் பலகைகளின் தலைப்பில் ஏறிற்று. சாலைக்கு இடம், பூங்காவுக்கு இடம், அனுமதிக் கட்டணம், இவை அனைத்தும் போக எஞ்சிய மனைகளின் மேல் மொத்தச் செலவும் ஏற்றப்பட்டது. ஒழுங்கு வந்தது, ஒழுங்கின் கிரயத்தை மனை வாங்கிய சாமானியன் கொடுத்தான்.

அடுத்தது சாலை. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையத்தை அடுத்த தெற்கு வெங்காநல்லூர் வரையில் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் வேலை தொடங்கிய செய்தி பரவியதுமே, சாலையோரத்து நிலமெல்லாம் மதுரைக்கு அருகில் நகர்ந்து வந்துவிட்டதைப் போன்ற ஒரு மதிப்பைப் பெற்றது. ராஜபாளையத்தில் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் பாதாளச் சாக்கடைத் திட்டமும் நடந்தபோது தெருக்கள் தோண்டப்பட்டு ஜனங்கள் பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமன்று. அந்தச் சிரமத்தைச் சகித்தவர்கள் தெருவாசிகள். அதன் விளைவாக மதிப்பு உயர்ந்தது மனைகளுக்கு.

இப்படி உயரும் மனைகளை வாங்குவோர் யாரென்று பார்த்தால், அவற்றில் வீடு கட்டிக் குடியேறுவோர் ஒரு பகுதியினரே. வளைகுடா நாடுகளில் உழைத்து மிச்சம் பிடித்தவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் சம்பாதிப்பவர்கள், சிவகாசியின் அச்சு, பட்டாசுத் தொழில்களில் லாபம் கண்டவர்கள், ஓய்வு பெற்றபின் மலைக்காற்றில் வாழ ஆசைப்படும் உத்தியோகஸ்தர்கள் முதலிய பலரும், தங்கத்துக்கு அடுத்தபடியாய் நம்பத்தகுந்த ஆஸ்தி மனையே என்ற எண்ணத்தால் வாங்கிப் போடுகின்றனர். ஆகையால் ஊருக்கு வெளியே, நான்கு மூலையிலும் கல் ஊன்றி, நடுவே சீமைக்கருவேல் முளைத்த மனைகள் வரிசை வரிசையாய்ச் சும்மா கிடக்கின்றன. ஊருக்குள்ளே ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் விசாரிக்கின்றனர். இது நம் ஊர்களுக்கு மட்டும் உரிய விநோதமன்று. 2011 ஆம் ஆண்டின் குடிக்கணக்கு, இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்ததைக் கண்டது. நகரவாசிகளில் வாடகைக்குக் குடியிருப்போரின் விகிதம் 1961 இல் நூற்றுக்கு 54 ஆக இருந்தது, 2011 இல் 28 ஆகக் குறைந்ததென்று 2017-18 ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை தெரிவித்தது. வாடகைக்கு விடுவதற்கென்று வீடு கட்டும் வழக்கமே நம் தேசத்தில் தளர்ந்து வருவதை இவ்விவரங்கள் உணர்த்துகின்றன.

கட்டும் செலவும் கடன் சுமையும்

வீடு கட்டும் செலவைப் பேசும்போது ராஜபாளையத்துக்குச் சொந்தமான ஒரு பெருமையை நினைவுகூராமல் இருக்க முடியாது. பஞ்சாலை கண்ட அதே ராமசாமி ராஜா 1957 இல் தோற்றுவித்த மதராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியே இன்று ராம்கோ என்ற பெயரால் தென்னாடெங்கும் அறியப்படுகிறது. அதன் முதல் ஆலை விருதுநகருக்கு அருகே துலுக்கப்பட்டியில் எழுந்தது. சிமெண்டைத் தந்த மாவட்டத்திலும் சிமெண்ட் மலிவாய்க் கிடைப்பதில்லை. ஏனெனில் அதன் விலையை அகில இந்தியச் சந்தை நிர்ணயிக்கிறது. 2017 ஜூலை முதல் சிமெண்டின் மேல் நூற்றுக்கு 28 வீதம் இருந்த சரக்கு-சேவை வரி, 2025 செப்டம்பர் 22 ஆம் தேதி முதல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆற்று மணல் பெரும்பாலும் கைக்கு எட்டாத பொருளாகி, பாறையை உடைத்துச் செய்யும் எம்சாண்ட் அதன் இடத்தைப் பிடித்தது. ஆறுகளைச் சுரண்டியது போதும் என்ற அளவில் அது நல்லதே. ஆனால் 2025 ஏப்ரலில் கனிம நிலங்களின் மேல் புதிய வரி அமலுக்கு வந்ததும் குவாரிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, எம்சாண்டும் ஜல்லியும் கிடைக்காமல் கட்டட வேலைகள் நின்றதை மறப்பதற்கில்லை. கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் ஆகியோரின் கூலி உயர்ந்திருக்கிறது. வெயிலில் சாரத்தின் மேல் நின்று உழைப்பவனுக்குக் கூலி உயர்வதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இனி ஒரு கணக்கைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். 1,200 சதுர அடி மனையென்பது ஏறக்குறைய இரண்டே முக்கால் செண்டு. செண்டு மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால் மனை 8,25,000 ரூபாய். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 வீதம் 74,250 ரூபாய். அதில் 800 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் செலவில் கட்டினால் 17,60,000 ரூபாய். ஆழ்குழாய்க் கிணறும் மின் இணைப்பும் சுற்றுச்சுவரும் நீங்கலாகவே மொத்தம் ஏறக்குறைய 26,60,000 ரூபாய் ஆகிறது. இதில் 20 லட்சத்தை வங்கியில் 20 வருஷக் கடனாக வாங்கினால், வட்டி 7 வீதமாயின் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். 9 வீதமாயின் சுமார் 18,000 ரூபாய். இரண்டு வீத வித்தியாசம் இருபது வருஷத்தில் ஆறு லட்சத்தை நெருங்குகிறது. ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 2022 மே மாதத்தில் 4 வீதத்திலிருந்து ஏற்றத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக்கிற்று, 2025 பிப்ரவரியிலேதான் அதனைக் குறைக்கத் தொடங்கிற்று. அந்த இடைக்காலத்தில் கடனிலிருந்த மில் மேற்பார்வையாளரோ பள்ளி ஆசிரியரோ எத்தகைய நிர்ப்பந்தத்தில் இருந்திருப்பார் என்பதை அத்தவணைகளே சொல்லும்.

பத்திரச் செலவின் வரலாறும் இவ்வாறே ஏறி இறங்கியது. 2017 ஜூனில் அரசு, பத்திரப் பதிவுக்கு அடிப்படையாகும் நில வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு வீதமாக உயர்த்திற்று. 2023 இல் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்தி, கட்டணத்தை இரண்டு வீதமாக்கிற்று. 2024 ஜூலை முதல் மறுபடியும் மதிப்புகள் திருத்தப்பட்டன. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு வீதம் குறைகிறது. வீடு கட்டி முடித்தபின் வருவது சொத்து வரி. 2022 ஏப்ரலில் நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு நூற்றுக்கு 25, அதற்கு மேல் 1,200 வரை 50, 1,800 வரை 75, அதனினும் பெரியவற்றுக்கு 100 என்ற வீதத்தில் அவ்வரி உயர்ந்தபோது, அவ்வுயர்வின் ஒரு பகுதி அடுத்த தையிலேயே குடியிருப்போர் தலையில் இறங்கிற்று.

மேற்சொன்ன வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 6,000 ரூபாய் கிடைக்கும் என்று கொள்வோம். வருஷத்துக்கு 72,000, போட்ட முதலுக்கு நூற்றுக்கு மூன்று வீதம்கூடத் தேறவில்லை. அதே தொகையை வங்கியில் வைப்பாக வைத்தால் இதனைப்போல் இரண்டு மடங்கு வரும். வாடகை தாங்கமுடியவில்லை என்று குடியிருப்பவர் சொல்வதும், வாடகை கட்டுபடியாகவில்லை என்று வீட்டுக்காரர் சொல்வதும் ஏககாலத்தில் உண்மையாய் இருப்பது இதனால்தான். இருவருக்கும் நடுவே நின்று இருவரையும் வருத்துவது, வாடகையோடு சிறிதும் சம்பந்தமின்றித் தன்போக்கில் ஏறிச்செல்லும் மண்ணின் விலை. வீட்டினால் கிடைக்கும் வருவாய் இவ்வளவு சொற்பமாய் இருந்தும் மனையை வாங்குகிறார்கள் என்றால், நாளைக்கு இன்னொருவர் இதனினும் உயர்ந்த விலைக்கு வாங்குவார் என்ற எதிர்பார்ப்பைத் தவிர வேறு காரணம் இல்லை. கட்டடமோ கட்டிய நாள் முதலாகத் தேய்கிறது.

ஒத்தி என்னும் ஏற்பாடு

தென்பாண்டிச் சீமையில் வாடகைக்கு மாற்றாக நெடுநாளாய் வழங்கி வருவது ஒத்தி. ஒரு பெருந்தொகையை மொத்தமாய்க் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் வாடகையின்றிக் குடியிருந்து, கெடு முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறுவது அதன் முறை. மகளின் கல்யாணத்துக்கோ மகனின் படிப்புக்கோ வெளி வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு ஒத்திப் பணம் பெரிய ஆறுதல். மாதா மாதம் வாடகை எடுத்துவைக்க இயலாத குடும்பத்துக்கும் அது நிம்மதி. ஆனால் மண்ணின் விலை ஏறும்போது ஒத்தித் தொகையும் உடன் ஏறுகிறது. ராஜபாளையத்துச் சந்துகளில் கெடு முடியும் மாதத்தில் நடக்கும் பேச்சு இவ்வண்ணம் இருக்கும்:

"தம்பி, கெடு முடியுது. இன்னும் மூணு வருஷம் இருக்கிறதா இருந்தா ஒரு லட்சம் கூடப் போட்டுக் குடுங்க. இல்லேன்னா மாசம் ரெண்டாயிரம் வாடகையாச் சேத்துக் குடுத்துருங்க."

"அண்ணாச்சி, வீட்டுல இருந்த நகையை அடகு வச்சுத்தான் மூணு லட்சம் தந்தேன். இன்னும் ஒரு லட்சத்துக்கு நான் எங்க போவேன்? பிள்ளைக பள்ளிக்கூடமும் இங்கனதான் இருக்கு."

"எனக்கு மட்டும் ஆசையா தம்பி? உங்க பணத்தைத் திருப்பித் தரணும்னா நான் இன்னொருத்தர்கிட்டக் கூடுதலா வாங்கித்தான் தரணும்."

இப்பேச்சில் எவரும் கெட்டவர் அல்லர். மூன்று லட்சத்துக்கு நகையை வைத்தவர் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி கட்டினாலும் 3,000 ரூபாய் ஆகிறது; வாடகையில்லை என்று பெயரேயொழிய, வாடகை அடகுக் கடைக்குப் போகிறது. வீட்டுக்காரரோ முன் ஒத்திக்காரரின் பணத்தைப் பின் ஒத்திக்காரரிடம் வாங்கித் தீர்க்கும் சுழலில் அகப்பட்டிருக்கிறார். 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி இவ்விதம் அனுபவத்தோடு கூடிய அடமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் செலவுக்கு அஞ்சி வெறும் முத்திரைத் தாளில் எழுதிக்கொள்வோரே மிகுதி. அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, கடன் தவணை தவறி ஏலத்துக்கு வருமாயின், ஒத்திக்காரரின் வாழ்நாள் சேமிப்பு ஒரு காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

சட்டம் தந்ததும் தராததும்

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் சரித்திரத்தில் ராஜபாளையத்தாருக்கு ஒரு சம்பந்தம் உண்டு. இரண்டாம் உலக யுத்தகாலத்து உத்தரவுகளாய்ப் பிறந்த அக்கட்டுப்பாடு, 1949 ஆம் ஆண்டு புதிய சட்டமாய் உருப்பெற்றபோது சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர், தமது சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குத் தானம் செய்த பி.எஸ். குமாரசாமி ராஜா. பிறகு 1960 இல் வந்த சட்டம் நியாய வாடகை என்ற கொள்கையை விரிவாக்கி, பின்னாளைய திருத்தத்தால் குடியிருப்புக் கட்டடத்துக்கு அதன் மொத்த மதிப்பில் வருஷத்துக்கு 9 வீதம் என்று அளவு வகுத்தது. குடியிருப்போரைக் காக்க வந்த அச்சட்டம் ஒரு தீய விளைவையும் தந்தது. வழக்குகள் தலைமுறை தாண்டி நீண்டதால், வாடகைக்கு விட்டால் வீடு கைவிட்டுப் போகும் என்று அஞ்சிப் பூட்டி வைத்தவர் பலர்.

2017 இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் அந்த அச்சத்தை நீக்க முற்பட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும், வேறு ஏற்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகலாகாது என்பன அதன் ஷரத்துகள். ஆனால் வாடகையின் அளவை அது இரு தரப்பின் சம்மதத்துக்கே விட்டுவிட்டது. பத்துப் பேர் காத்திருக்கும் வாசலில் பதினோராவதாய் நிற்பவருடைய சம்மதம் எத்தகையதாய் இருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மேலும், சட்டம் அமலுக்கு வந்து வருஷங்கள் கழிந்தும், சிற்றூர்களின் வீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை இன்னும் வாய்ப்பேச்சிலேயே நடக்கின்றன.

பரிகாரம்

ஒரு நிலத்தின் மதிப்பை உயர்த்துவது அதன் சொந்தக்காரனின் உழைப்பன்று, சுற்றியிருக்கும் சமூகத்தின் விருத்தியே என்ற பிரமேயத்தை, அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் 1879 ஆம் ஆண்டிலேயே 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற பொருள்படும் தம் நூலில் வாதிட்டார். நம் மாகாணமும் இதனை அறியாதிருக்கவில்லை. 1920 ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்திலேயே, ஊரமைப்புத் திட்டத்தால் மதிப்பு உயர்ந்த நிலத்தின் சொந்தக்காரரிடம் மேம்பாட்டுப் பங்கைப் பெறும் வழி வகுக்கப்பட்டிருந்தது. நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூர் இந்தத் தத்துவத்தைச் செயலில் காட்டிற்று. 1960 இல் வீடமைப்புக் கழகத்தை நிறுவி, 1966 ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தால் நிலத்தைப் பொதுவாக்கி, 99 வருஷக் குத்தகையில் அடுக்குமாடி வீடுகளைக் கொடுத்ததன் பயனாக, இன்று அந்நாட்டு வாசிகளில் ஐந்தில் நால்வர் அளவினர் கழகத்தின் வீடுகளிலேயே வசிக்கின்றனர். சிங்கப்பூரின் சட்டத்தை இங்கே அப்படியே கொண்டுவருவது சாத்தியமுமன்று, உசிதமுமன்று. நிலத்தின் விலையைத் தன்போக்கில் விட்டுவிட்டு வீட்டை மலிவாக்க எவராலும் முடியாது என்ற பாடத்தை மட்டும் கற்கலாம்.

நமது இரு ஊர்களில் செய்யக்கூடியவை சில. காலிமனை வரி இப்போதும் உண்டு; வாங்கிய முதல் சில வருஷங்களுக்கு அதனைச் சொற்பமாய் வைத்து, பிறகு வருஷத்துக்கு வருஷம் உயர்த்தினால், கருவேல் முளைத்த மனைகள் விற்பனைக்கோ கட்டடத்துக்கோ வந்து சேரும். மகளுக்கென்று ஒரே ஒரு மனையைச் சேமித்து வைத்திருக்கும் ஏழைத் தகப்பனுக்கு அதிலிருந்து விலக்கு அளிப்பது தர்மம். இருபது மனைகளை அடுக்கி வைத்திருப்பவருக்கு அவ்விலக்கு தேவையில்லை. நான்கு வழிச் சாலையை ஒட்டிப் புதிதாய் உண்டாகும் மனைப்பிரிவுகளிடமிருந்து மேம்பாட்டுப் பங்கைப் பெற்று, அத்தொகையை அந்தந்த நகராட்சியின் வாடகை வீடுகளுக்கென்றே ஒதுக்கலாம். கிராமத்தில் குடிசைக்குப் பதிலாய் வீடு கட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கும் அரசு, நகரத்தில் வாடகைக்கு வாழும் கூலிக்காரருக்கென்று ஒரு திட்டத்தை யோசிக்கக்கூடாதா? ஆலைகளும் கல்லூரிகளும் தம்மிடம் வருவோரில் ஒரு பகுதியினருக்கேனும் குடியிருப்பு அமைப்பதைத் தம் தொழிலின் ஓர் அங்கமாய்க் கொள்ளவேண்டும். வாடகை ஒப்பந்தத்தையும் ஒத்திப் பத்திரத்தையும் குறைந்த கட்டணத்தில், நகராட்சி அலுவலகத்திலேயே, ஒரே நாளில் பதிய ஏற்பாடு செய்தால், வீட்டுக்காரரின் அச்சமும் குடியிருப்பவரின் ஆபத்தும் ஒருசேரக் குறையும். யாவற்றுக்கும் மேலாக, பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் இவ்விரு நகராட்சிகளும் இடையிலுள்ள ஊராட்சிகளோடு கூடி, எந்தக் கண்மாய் காக்கப்படவேண்டும், எந்த மேட்டுநிலம் குடியிருப்பாகலாம் என்று ஒரே திட்டமாய் வகுத்துக்கொள்ள வேண்டும்.

சிமெண்டின் வரி குறைந்ததையும் ரெப்போ வட்டி இறங்கியதையும் வரவேற்போம். ஆனால் கட்டும் செலவு குறைந்த செய்தி கேட்டவுடன் மனை விற்பவர் செண்டுக்கு அதே அளவு கூட்டிச் சொல்வாராயின், அந்தச் சலுகை வீடு கட்டுபவரின் கைக்கு வராமல் மண்ணுக்குள் போய்விடும். நெடுஞ்சாலையும் ரயிலும் குடிநீரும் நீதிமன்றமும் ஊராரின் வரிப் பணத்தில் வந்தவை. அவை உண்டாக்கும் ஏற்றத்தில் ஒரு பங்கை ஊராரின் கூரைக்கென்று மீட்டெடுக்கும் துணிவு அரசுக்கும் நகராட்சிகளுக்கும் வரவேண்டும். அதனை வற்புறுத்திக் கேட்கும் கடமை, வாடகைக்கு இருப்போருக்கும் வாடகைக்கு விடுவோருக்கும் பொதுவானது.